தாயைப் பார்த்தீர்களா?

நான் மெல்போர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் கால்நடை மருத்துவர். நம்மவர்கள் வாங்கும் நாய்க்குட்டி என்னிடம் முதலில் வருவது தடுப்பூசிக்குத்தான். இதயத்துடிப்பில் இரைச்சல் உண்டா, முழங்கால் சில்லு நழுவுகிறதா, வயிறு பூச்சியால் உப்பியிருக்கிறதா என்று பார்த்தபடியே கேட்பேன்: "தாயைப் பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர். நாங்க அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்னு அவங்களே கார் பார்க்குக்குக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க."

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும். தாய் இருக்கும் இடத்தைக் காட்ட விரும்பாதவர்கள்தான் வழக்கமாகக் குட்டியைப் பாதி வழிக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஊரில் நாம் நாய் வாங்கியவர்கள் அல்ல. தெருவில் எந்த நாய் ஈன்றது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு குட்டி நம் வாசலோடு தங்கிவிடும். விலை கொடுத்து வாங்குவது நமக்குப் புதிது. ஒரு மனை வாங்க முப்பது வருட வில்லங்கம் பார்க்கிறவர்கள்கூட, இங்கே நான்கு புகைப்படங்களை நம்பிப் பல ஆயிரம் டாலர் அனுப்பிவிடுகிறார்கள்.

வில்லங்கம் பார்க்க இங்கேயும் வழி உண்டு. விக்டோரியாவில் 2019 ஜூலை முதல், நாய் விற்பனை விளம்பரத்தில் மைக்ரோசிப் எண்ணும் விற்பவரின் 'சோர்ஸ் நம்பரும்' இருக்க வேண்டும். அரசின் பெட் எக்ஸ்சேஞ்ச் ரெஜிஸ்டரில் அந்த எண்ணை யாரும் தேடிப் பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸிலும் அதே மாதம் முதல் விளம்பரத்தில் அடையாள எண் கட்டாயம். விக்டோரியாவில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு, சிறப்பு அனுமதி இல்லாத வணிக வளர்ப்பாளர் ஈனும் பருவத்துப் பெண் நாய்களைப் பத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது; அனுமதி பெற்றால் ஐம்பது வரை. நியூ சவுத் வேல்ஸ் 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரிலிருந்து வளர்ந்த பெண் நாய்கள் இருபது என்று வரம்பு வைத்தது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் ஒருவர் பதிவு செய்திருக்கிறார் என்பதை மட்டுமே எண் சொல்லும். அவர் எப்படி வளர்க்கிறார் என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

போனால் முதலில் தாயின் மடியைப் பாருங்கள். எட்டு வார வயதில் குட்டிகள் இருந்தால் தாயின் முலைகள் தொங்கியிருக்கும், உடல் சற்று இளைத்திருக்கும், முடி உதிர்ந்திருக்கும். பளபளவென்று கட்டான உடலோடு ஒரு நாயைக் காட்டி "இதுதான் அம்மா" என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, தாய் தன் வீட்டுக்காரரை எப்படி நெருங்குகிறது என்று கவனியுங்கள். வாலைக் குழைத்துக்கொண்டு ஓடி வருகிறதா, சுவரோரம் ஒடுங்குகிறதா? மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். அந்தக் காலத்தில் மனிதக் கையும் வீட்டுச் சத்தமும் அறியாமல் கொட்டகையில் கிடந்த குட்டி, வளர்ந்த பிறகு குப்பைத்தொட்டிச் சக்கரச் சத்தத்துக்கே நடுங்கும். பயிற்சியால் ஓரளவு தேற்றலாம், முழுவதும் மாற்றுவது கடினம்.

இங்கே நம் வீடுகளில் அதிகம் விரும்பப்படுவது, கவலியரும் பூடிலும் கலந்த கவூடில். "முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்ற வாக்குறுதியே காரணம். இந்தக் கலப்பு மோகத்துக்கு மெல்போர்ன் பெரிய காரணம். 1989-இல் இங்குள்ள, பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர், கணவருக்கு நாய்முடி ஒவ்வாத ஹவாய்ப் பெண் ஒருவருக்காக, லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பிறந்த மூன்று குட்டிகளில் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரே ஈற்றுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எல்லாக் குட்டிகளுக்கும் எப்படி உறுதி கொடுக்க முடியும்? தன் முயற்சியைப் பார்த்துக் கண்டபடி கலப்பு செய்யத் தொடங்கியவர்களை எண்ணிக் கான்ரன் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். கவூடிலின் ஒரு பாதி கவலியர். அந்த இனத்தில் இதய வால்வு நோய் மிகச் சாதாரணம். அதனால் பெற்றோரின் இதயப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். லாப்ரடார் என்றால் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே மதிப்பெண். "வெட் பார்த்துவிட்டார்" என்பது இவற்றுக்கு ஈடாகாது. அது பெரும்பாலும் ஊசி போட்டாயிற்று என்பதற்கு மேல் எதையும் குறிக்காது.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போகும் ஆறு வாரம் நாய் எங்கே இருக்கும்? வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தரச் சொல்வார். அடுத்த ஈற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் சொல்வார். பிள்ளையின் பிறந்தநாளுக்குள் குட்டி வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது கசக்கிறது. காத்திருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். அல்லது வடக்கு மெல்போர்னில் லாஸ்ட் டாக்ஸ் ஹோம், லார்ட் ஸ்மித் காப்பகங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் என்பேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் ஒன்று உண்டு. போய்ப் பார்க்கிறீர்கள்; நாற்றம், ஈரத் தரை, கண் பீளை வடியும் குட்டி. "இதையாவது காப்பாற்றுவோம்" என்று மனம் துடிக்கும். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் நீங்கள் தரும் பணம், கொட்டகைக்குள் இருக்கும் தாயை மறுபடி சினைக்கு விடுவதற்கே போகும். வாங்காமல் வெளியே வாருங்கள். முகவரி, விளம்பரத்தின் படம், அதிலிருந்த எண், கண்ணில் பட்ட நாய்கள் எத்தனை என்பதைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் சொல்லுங்கள். அந்தக் குட்டியோடு சேர்த்து அதன் தாயையும் வெளியே கொண்டுவரும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.