பலாபத்வலவில் கண்ட புல்வீடு

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அலுவிகாரைக் குகைக் கோயிலைக் கடந்து சில கிலோமீற்றர் சென்றால் பலாபத்வல என்னும் சிற்றூர் வரும். கலேவலைக்குச் செல்லும் பாதை இங்கேதான் கிளை பிரிகின்றது. சென்ற ஆவணி விடுமுறையில் ஊர் திரும்பும் வழியில், நாங்கள் வந்த வாகனம் பழுதுற்று இவ்வூரில் நின்றுவிட்டது. காத்திருந்த வேளையில் காலாற நடந்தேன்.

மிளகுக்கொடி படர்ந்த தோட்டம் ஒன்றினுள்ளே முதியவர் ஒருவர் தம் மண்வீட்டுக்கு இலுக்குப்புல் வேய்ந்துகொண்டிருந்தார். இன்று காண்பதற்கரிய அக்காட்சியில் மனம் பறிகொடுத்து நின்றுவிட்டேன். பேரன் கீழேயிருந்து புற்கட்டுகளை எடுத்துக் கொடுத்தான்.

"கீழே தொடங்கி முகட்டில் முடிக்க வேண்டும், மாத்தயா" என்றார் பெரியவர், தமக்குத் தெரிந்த தமிழில்.

மேல்வரிசை கீழ்வரிசையின் தலைப்பை மூடுவதால் மழைநீர் புல்லின்மேலே வழிந்தோடிவிடுகிறது. கூரை ஏறத்தாழ 45 பாகை சரிந்திருத்தல் வேண்டும். சரிவு குறைந்தால் நீர் தங்கிப் புல் அழுகும். அடுப்புப் புகையோ பூச்சிகளை அண்டவிடாது. கூரைப் பாரத்தைத் தாங்குவன மரத்தூண்களே. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர் வெறும் மறைப்புத்தான்.

இறவாரம் சுவருக்கு அப்பால் 3 அடி நீண்டிருந்தது. "இவ்வளவு நீளம் எதற்கு? உள்ளே இருளாதா?" என்று வினவினேன்.

"சுவர் நனைந்தால் சேறு, நனையாவிட்டால் கல்" என்றார்.

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. எந்தையார் வடமராட்சியில் கட்டிய மண்வீட்டின் பனையோலைக் கூரையை அகற்றித் தகரம் இட்டவன் நான். அடிக்கடி வேயும் தொல்லை ஒழியட்டும் என்பது என் எண்ணம். செலவைச் சுருக்க இறவாரத்தையும் குறுக்கினேன். அவ்வாண்டுக் கார்த்திகை மழையில் வடக்குச் சுவர் கரைந்து சரிந்தது. அம்மா ஒரு வார்த்தையும் கூறாது சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளினார். மண்வீடு இக்காலத்துக்கு ஆகாதென்று நான் பழித்தேன். பிழைத்தது மண்ணன்று, என் சிக்கனமே என்பதைப் பலாபத்வலவில் உணர்ந்தேன்.

மலைநாட்டார் புல் வேய்ந்தது அறியாமையால் அன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், குடிமக்கள் ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்று 1681இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். அம்மலைநாட்டுத் தச்சரின் திறனுக்கோ எம்பெக்கைத் தேவாலயம் சான்று. அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கின்றது.

இன்று அரசாணை எதுவும் தடுப்பதில்லை, விலைதான் தடுக்கின்றது. ஆகவே தகரமும் அஸ்பெஸ்ரஸ் தகடும் எங்கும் பரவியுள்ளன. தகரம் வெயிலில் கொதிக்கும். அஸ்பெஸ்ரஸை வெட்டும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசி புற்றுநோய்க்கு ஏதுவாகும். புல்லுக்கும் குறையுண்டு: தீக்கு அஞ்ச வேண்டும், புல்லும் இப்போது எளிதிற் கிடைப்பதில்லை. தம் காலத்தின்பின் மகன் ஓடு போடுவான் என்று பெரியவரே கூறினார்.

"போடட்டும். இறவாரத்தை மட்டும் வெட்டக்கூடாது" என்றும் சொன்னார்.

வாகனம் சீராகிவிட்டதென்று அழைப்பு வந்தது. விடைபெற்றுத் திரும்பினேன். எங்கள் வடக்குச் சுவரை இப்போது மீண்டும் எழுப்புகின்றோம். கூரையை 3 அடி நீட்டும்படி தச்சரிடம் கூறியுள்ளேன். வீடு கட்ட விழைவோர் சுவரை எண்ணுமுன் கூரையை எண்ணுவாராக.