மேட்டுக் கோலும் பள்ளத்துக் கோலும்

மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்வோர் நீர்வீழ்ச்சியைக் காண்பர். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கோப்பை தேநீர் அருந்துவர். குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். நாமும் பலமுறை அவ்வாறே போய் வந்தோம். இம்முறை பொங்கல் விடுமுறையில் நாம் தேடிச் சென்றது வேறொன்று. சமதரையைத் தேடிச் சென்றோம்!

நகைக்க வேண்டாம், நேயர்களே. ஹட்டனில் புகைவண்டியை விட்டு இறங்கி நாற்புறமும் பாருங்கள். மலை, மலைக்கு மேல் மலை, அதன் சரிவெல்லாம் தேயிலை. இருபத்திரண்டு பேர் ஓடியாடிப் பந்து உதைப்பதற்கு ஏற்ற தட்டையான நிலம் இந்நாட்டில் தானாக அமைவது அரிது. எங்கேனும் ஒரு மைதானம் இருக்குமாயின், அது மண்வெட்டியாலும் கூடையாலும் மனிதர் உண்டாக்கியது என்றே கொள்ளலாம். வெட்டியவர் யார், விளையாடியவர் யார் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஹட்டன் நகரத்தாருக்கு டன்பார் மைதானம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு டிக்கோயாப் பக்கம் சென்றால் டரவளை வரும். டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாரின் கிரிக்கெட் கழகம் குடிகொண்ட இடம் அது. தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நெருங்கும்போது வரும் ராதல்லை மைதானம் டிம்புளைத் துரைமாருடையது. பச்சைப் புல்லும் பின்னணியில் மலையுமாக இவ்விரண்டும் கண்கொள்ளாக் காட்சி, அதை மறுப்பதற்கில்லை. கிரிக்கெட் மட்டுமன்று, றக்பி ஆட்டமும் இங்கே கோலோச்சியது. டிம்புளை, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்னும் தோட்டத்துரைமார் கழகங்கள் கொழும்பு அணிகளுக்கு எதிராகக் கிளிபர்ட் கிண்ணத்துக்குப் போட்டியிட்ட காலம் ஒன்று இருந்தது. நுவரெலியாவிலோ 1876 முதல் ஹில் கிளப், 1889 முதல் கோல்ப் மைதானம், அவற்றோடு குதிரைப் பந்தயத் திடல். ஏப்ரல் மாதம் வந்தால் இன்றும் அங்கே குதிரை ஓடுகிறது.

இக்கழகங்கள் நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியவை. தோட்டத்துத் தமிழன் அங்கே போனதுண்டு. புல் வெட்டவும் பந்து பொறுக்கவும் போனான்.

அவன் எங்கே விளையாடினான்? அதைக் காண வேண்டுமாயின் தார் வீதியை விட்டுத் தோட்டத்துக்குள் ஏற வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் உதைபந்தாட்டம் என்று கேள்விப்பட்டு, கல்லும் முள்ளுமான பாதையில் மூச்சு வாங்க ஏறினோம். ஆட்டக் களம் வேறொன்றுமன்று, பெரட்டுக்களம்தான். விடியற்காலையில் தொழிலாளர் வரிசையில் நின்று பேர் கொடுத்து, இன்ன மலைக்கு வேலை என்று அறிந்து பிரிந்து செல்லும் இடம் அது. ஒரு புறம் லயன் காம்பிரா வரிசை. மறுபுறம் சரிவும் தேயிலையும். கம்புகளை நட்டுக் கோல் அமைத்திருந்தார்கள். களத்தின் மேற்கோடிக்கும் கீழ்க்கோடிக்கும் ஓர் ஆள் உயரம் வித்தியாசம் இருக்கும். ஆதலால் ஒரு கோலுக்கு மேட்டுக் கோல் என்றும், மற்றதற்குப் பள்ளத்துக் கோல் என்றும் பெயர்! முன்பாதியில் மேடேறி ஆடியவர் பின்பாதியில் பள்ளம் நோக்கி ஆடுவர். சரிவின் விளிம்பில் நாலைந்து சிறுவர் காவல் நின்றனர். பந்து தேயிலைக்குள் உருண்டால் பிடித்து வருவது அவர்கள் உத்தியோகம்.

“மட்டமான எடம் இருந்தா தேயிலை வச்சிருப்பாங்க ஐயா, இல்லாட்டி பங்களா கட்டியிருப்பாங்க. மிச்சம் இருந்ததுதான் நமக்கு” என்றார் எம்முடன் நின்ற முதிய கங்காணி. அவருடைய தந்தை காலத்தில் இக்களத்தைச் சற்று அகலமாக்க, வேலை முடிந்த மாலை நேரங்களில் தொழிலாளரே மண் வெட்டினராம்.

ஆடிய இளைஞருள் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்பவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வந்தால்தான் அணி சேரும். கீழ்ப்பிரிவின் முன்னணி வீரன் சிவப்பும் மஞ்சளுமான பனியன் ஒன்று அணிந்திருந்தான். விசாரித்தோம். நடைபாதைக் கடையில் பழைய துணிக் குவியலில் கிடைத்ததாம். அது துருக்கி நாட்டின் கலாத்தசராய் கழகத்தின் சட்டை என்பதை அவன் அறிந்திருந்தான். 1905-இல் இஸ்தான்புல் நகரத்துப் பள்ளி மாணவர் தொடங்கிய கழகம் அது. அதன் அரங்கில் 50,000 பேருக்கு மேல் அமரலாம். நம் பெரட்டுக்களத்திலோ அனைவரும் நின்றபடியே பார்த்தோம்.

அந்தச் சட்டைதான் எம் நினைவை வேறொரு துருக்கி ஊருக்கு இழுத்துச் சென்றது. மாணவ நேயர்கள் தேசப்படத்தில் கருங்கடலின் தென்கிழக்குக் கரையைப் பார்க்கவும். றிசே என்று ஒரு நகரம். கடலை ஒட்டி எழும் செங்குத்தான மலை, ஓயாத மழை, சரிவெல்லாம் தேயிலை; ஹட்டனைக் கடலோரத்தில் கொண்டுபோய் வைத்தாற்போன்ற ஊர். அந்நகரத்து உதைபந்தாட்டக் கழகம் 1953-இல் தோன்றியது. பச்சையும் நீலமும் அதன் வர்ணங்கள். அரசாங்கத் தேயிலை நிறுவனமாகிய சாய்கூரின் பெயரையே கழகமும் முன்னால் சூடிக்கொண்டு, சாய்கூர் றிசேஸ்பர் என வழங்குகிறது. (துருக்கியருக்கும் தேநீர் ‘சாய்’தான்; நம் கடைகளில் ‘சாயா’ என்று கேட்பவர் அங்கே பட்டினி கிடக்க மாட்டார்.) 2009-இல் திறந்த அதன் அரங்கில் ஏறத்தாழ 15,000 பேர் அமரலாம். முதல் வகுப்புக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்துவந்த அணிதான். ஆனால் ஏறிய ஆண்டுகளில் கலாத்தசராயும் பெனர்பாச்சேயும் அந்தத் தேயிலை ஊருக்கு வந்து ஆடியே தீரவேண்டும்.

எவ்வாறு வந்தது இவ்வேறுபாடு? துருக்கி வளமான நாடு என்பது மட்டும் காரணமன்று. றிசேயில் கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் தம் சொந்தச் சிறு தோட்டத்தில் பறிக்கிறார். ஊர் அவருடையது, ஆகவே ஊர்க் கழகமும் அவருடையது. நம் மலைநாட்டிலோ 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையையே பறித்தது; 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்குத் தீரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. எந்தக் கைமாற்றத்திலும் பெரட்டுக்களம் தொழிலாளருடையதாகவில்லை.

திறமைக்குக் குறைவில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகவே இலங்கைக்கு வந்தவர். பேரனுக்கோ கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரியும் அதன் மைதானமும் கிடைத்தன.

இடைவேளையின்போதுதான் களத்தின் ஓரமாகச் சிறு மரக்குச்சிகள் வரிசையாக நட்டிருப்பதைக் கண்டோம். ஏழு பேர்ச் காணியோடு புதிய தனி வீடுகள் கட்டுவதற்கு நிலம் அளந்திருக்கிறார்களாம். லயத்தை விட்டுத் தன் பெயரில் ஒரு வீட்டுக்குப் போவது எத்தனை தலைமுறைக் கனவு! மண் சரியாத சமதரையில் அல்லவா வீடு கட்ட வேண்டும்? அத்தகைய தரை அங்கே இது ஒன்றுதான்.

“வீட்டை வேணாம்னு சொல்ல முடியுமா ஐயா?” என்றார் கங்காணி. சற்று நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மகன் பெயரும் வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. பேரன் மேற்பிரிவின் கோல் காவலன்.

பின்பாதி தொடங்கியதும் பனிமூட்டம் இறங்கியது. பள்ளத்துக் கோல் கண்ணுக்கு மறைந்தது. அச்சமயம் பார்த்துச் சிவப்பு மஞ்சள் பனியன்காரன் உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து சரிவில் விழுந்தது. சிறுவர்கள் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். ஆட்டக்காரர் இடுப்பில் கைவைத்தபடி காத்து நின்றார்கள். கீழே எங்கேயோ “இந்தா இருக்கு, இந்தா இருக்கு!” என்று ஒரு குரல் கேட்டது.