புசல்லாவையில் இரண்டு மணிக்குப் பிறகு

சென்ற சித்திரையில், வருசப்பிறப்புக்கு ஐந்து நாள் இருக்கையில், பெரியம்மாவைப் பார்க்கப் புசல்லாவைக்குப் போனேன். கிளிநொச்சியில் பஸ் ஏறும்போது இன்னும் விடியவில்லை. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பஸ்ஸில் வானொலி போய்க்கொண்டிருந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வாசித்தார்கள். வடக்கே வெப்பச் சுட்டெண் கவனம் செலுத்தவேண்டிய மட்டத்தில் இருக்கும், வெளியில் வேலை செய்வோர் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்கள். அடுத்ததாக, மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும், மின்னல் குறித்து அவதானமாக இருக்க வேண்டும் என்றார்கள். வெயிலில் இருந்து புறப்பட்டு இடிக்குள் போகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. குளிருக்குப் போகிறேன் என்றே நினைத்தேன்.

ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியில் முடிகிறது. கண்டியில் நுவரெலியா பஸ் பிடித்துப் பேராதனை, கம்பளை தாண்டினால் வீதி சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அது ஏ5 வீதி. அப்படியே போனால் நுவரெலியா, பதுளை கடந்து மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் போய் இறங்கும். நமது சகோதரிகளில் பலருக்கு இந்த இரண்டு வீதிகளின் மறுமுனைகள்தான் தெரியும். கம்பளைக்கு மேலே தேயிலை தொடங்குகிறது. புசல்லாவை ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், வீதியின் இருபக்கமும் கடைகள் நெருங்கிய ஒரு சிறு பட்டணம். இங்குள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இலேயே சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு 26 வருடம் முந்திய இந்தக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை.

என் அம்மா இங்கே ஒரு லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு அம்மப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். பெரியம்மா அப்போதே கலியாணம் முடித்திருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார். நான் வன்னியில் பிறந்து, 2009 வரை நடந்த எல்லாவற்றையும் அங்கேயே கண்டவள்.

மறுநாள் காலை வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று பட்டது. மலைநாட்டில் வெயில் இருக்காது என்று நினைத்திருந்தவள் நான். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது, நண்பகலில் நிழல் காலடிக்குள் வந்துவிடும் என்று தங்கச்சியின் மகள் சொன்னாள். அவள் ஒன்பதாம் வகுப்பு. விடுமுறை என்றாலும் புவியியல் புத்தகம் வாயில் இருந்தது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலமாம். தென்மேல் காற்றும் இல்லை, வடகீழ்க் காற்றும் இல்லை. காலையில் நிலம் நன்றாகக் காய்கிறது. இரு கரையில் இருந்தும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து மலையில் ஏறுகிறது. ஏறிய காற்று குளிர்ந்து, மதியத்துக்குப் பிறகு கோபுரம் மாதிரி முகிலாகத் திரள்கிறது. இதற்கு மேற்காவுகை மழை என்று பெயர். வெயில் எவ்வளவு கடுமையோ, பின்னேரத்து இடியும் பெரும்பாலும் அவ்வளவு கடுமை. வானொலிக்காரர் ஒரே மூச்சில் வாசித்த இரண்டு செய்திகளும் ஒரே விடயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒன்றரை மணியளவில் தங்கச்சிக்குச் சோறு கொண்டுபோனேன். அவள் மேமலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கொத்மலைப் பக்கம் முகில் கறுத்து எழும்பியிருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கவும் தூரத்தில் உறுமல் தொடங்கியது. "வாங்கக்கா, கீழ போயிருவோம்" என்று கூடையைத் தலையில் மாட்டினாள். கானு ஓரமாக இறங்கி நடந்தோம். பாதி வழியில் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். உடனேயே, தலைக்கு மேல் வானம் பிளந்தது போல ஒரு சத்தம்.

அதன் பிறகு நான் நினைத்துச் செய்தது எதுவும் இல்லை. நினைவு வந்தபோது கானுக்குள் குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன. வாய் திறந்திருந்தது. ஷெல் சத்தத்துக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்க வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை.

"எந்திரிங்கக்கா! தரையில படுக்காதீங்க!" தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். வளைவில் கொழுந்து லொறி நின்றது. அங்கே ஒரு பெரிய சவுக்கு மரமும் நின்றது. என் கால் மரத்தடிக்குத்தான் போகப் பார்த்தது. அவள் விடவில்லை. டிரைவர் தம்பி முன்கதவைத் திறந்து எங்களை ஏற்றிக் கண்ணாடிகளையும் உயர்த்திவிட்டார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அதைக் காணாதவர்கள் போல் இருந்தார்கள். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டேன். அதை விபரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என்னைப் போல விழுந்து படுக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஷெல்லுக்கு நாம் பழகியது வீட்டை விட்டு வெளியே ஓடுவது, நிலத்தோடு நிலமாகப் படுப்பது, பங்கருக்குள் இறங்குவது. சிதறல் நிலத்துக்கு மேலால் பறக்கும் என்பதால் அது சரியாக இருந்தது. மின்னல் மரத்திலோ நிலத்திலோ இறங்கியதும் மின்சாரம் அந்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தின் வழியாக நாலாபுறமும் பரவுகிறது. படுத்துக் கிடந்தால் ஒரு முனையால் ஏறி மறுமுனையால் இறங்கும்போது உடம்பு முழுவதற்கும் ஊடாகப் போகும். மரத்தடியில் கட்டியிருந்த மாடு, மின்னல் நேரே படாமலே செத்துப்போவது இதனால்தான். அதன் முன்காலும் பின்காலும் விலகி நிற்கின்றன. எனவே மின்னலுக்கு வெளியே ஓடுவதல்ல, உள்ளே ஓடுவதுதான் சரி. சுவரும் கூரையும் கதவும் உள்ள கட்டடம், இல்லாவிட்டால் மூடிய வாகனம். லொறி காப்பாற்றுவது அதன் றப்பர் சில்லால் அல்ல. சுற்றியுள்ள இரும்புக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே கடத்திவிடுகிறது. நாலு பக்கமும் திறந்த கொழுந்து மடுவமும் பஸ் தரிப்பிடமும் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. போய்ச் சேர ஓர் இடமும் இல்லையென்றால் மட்டும், தனி மரத்தையும் மேட்டையும் விட்டு விலகி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் குந்தியிருக்கலாம். அது கடைசி வழி.

வீட்டுக்குள் இருந்தாலும் தொலைக்காட்சி வயரையும் அன்ரனா வயரையும் முகில் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு அதில் கை வைக்கக் கூடாது. பீலியில் குளிப்பதும் குழாயில் பாத்திரம் கழுவுவதும் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் பாயும் என்று விலகி நிற்கிறார்களே, அது பிழை. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டே, இன்னொருவரைக் கொண்டு 1990 இலக்கத்துக்கு அழைப்பிக்க வேண்டும். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

அன்று இரவு பெரியம்மாவுடன் இஸ்தோப்பில் இருந்தேன். அவருக்கு இடியென்றால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்வதுதான் மருந்து. நான் சிரிக்கவில்லை. நாங்களும் பங்கருக்குள் எத்தனையோ பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே. ஆனால் வேறொன்றைக் கேட்டேன். இரண்டு மணிக்குப் பிறகு வெளியே நிற்க வேண்டாம் என்று வானொலி சொல்கிறதே, நாலரை மணி வரை மலையில் நிற்கிறவர்கள் என்ன செய்வது? "கிலோ கொறஞ்சா அரைப்பேரு. மின்னலுக்குப் பயந்து எறங்குனவளுக்கு முழுப்பேரு யாரு போடுவா?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மின்னல் எச்சரிக்கை வந்த நாளில் கொழுந்து எடுக்கிறவர்களை நேரத்தோடு இறக்கி, அதற்காகப் பேரைக் குறைக்காமல் விடவேண்டும் என்பது என் எண்ணம். மலை ஏறுகிறவர்கள் பெண்கள், கணக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

அந்தப் பெட்டை எனக்கு எண்ணப் பழக்கினாள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிந்துதான் வெளியே வரலாம். நான் எண்ணுவதில் கெட்டிக்காரி. ஷெல் குத்துகிற சத்தம் கேட்டு, அது விழும் வரை எண்ணி வளர்ந்தவள். ஆனால் அந்த எண்ணிக்கை முடியும்போது அது யார் தலையில் விழுமோ தெரியாது. இதில் இடிச் சத்தம் காதுக்கு வரும்போது, விழவேண்டியது விழுந்து முடிந்திருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூன்று பின்னேரமும் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாளும் கொஞ்சம் நடுங்கியது.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அம்மா கிளிநொச்சியில் இருந்து போன் எடுத்தார். அங்கே ஒரு துளி மழை இல்லையாம், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறதாம்.

"அங்க இடிக்குதா புள்ள?"

"ஓம் அம்மா. தூரத்தில. பதினெட்டு எண்ணினன்."

"அப்ப போனை வை."

"சார்ச்சில போடேல்ல அம்மா. ஒண்டும் செய்யாது."

"இல்ல, வை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தகரத்தில பெய்யிற சத்தத்தை ஒருக்கா கேக்க விட்டுட்டு வை."

நான் போனைக் கூரைப்பக்கம் உயர்த்திப் பிடித்தேன்.