மறுபக்கத்துப் பாட்டு

பீட்டில்ஸ் கோஷ்டியைப் பற்றிப் பண்பொழியிலிருந்து ஒரு கிழவி எழுத வந்துவிட்டாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் ஊர் செங்கோட்டைக்குப் பக்கம். பெயர்ப் பலகையில் பண்பொழி. எங்கள் வாயில் பம்புளி. திருமலைக் குமரன் மேலே குன்றில் இருக்கிறான். கீழே வயலும் தென்னையுமாக நாங்கள் இருக்கிறோம். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் உறவினர் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக் கொடியில்தான் ஈரத்துணியைப் போடுவார்கள். சாரல் நாளில் துணி எங்கே காயும்? துணியும் காயாது, உறவும் கிளம்பாது!

இந்த வருஷம் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். புதிதாக வாங்கிய 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்ற பீட்டில்ஸ் தொகுப்பைப் பட்டாசாலையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தான். நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். 'லேடி மடோனா' முடிந்தது. அடுத்து ஏதோ நம் பக்கத்து வாத்தியம்போல ஒன்று எழுந்தது. நான் நிமிர்வதற்குள் பயல் அதைத் தள்ளிவிட்டு 'ஹே ஜூட்'டுக்குத் தாவிவிட்டான்.

"அது என்ன பாட்டு ஐயா?"

"அது சும்மா ஒரு பாட்டு ஆச்சி. யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்க மாட்டார்கள் என்றால் எனக்குக் கேட்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பாட்டின் பெயர் 'தி இன்னர் லைட்'. 'உள்ளொளி' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை நிமிஷத்துக்குச் சற்று அதிகம். வாத்தியங்கள் பக்கவாஜோடு துள்ளிக்கொண்டு வருகின்றன. பாடுகிறவர் குரல் எடுத்ததும் தாளம் ஒதுங்கிவிடுகிறது. மாமனார் தலை தெரிந்ததும் அடுக்களையில் மருமக்கள் பேச்சை நிறுத்துவதுபோல! புல்லாங்குழல் மட்டும் குரலுக்கு மெல்லப் பதில் சொல்கிறது. குரலில் கொஞ்சங்கூட ஜம்பமில்லை.

பேரனைத் துளைத்துக் கேட்டதில் விஷயம் வந்தது. ஜார்ஜ் ஹாரிஸன் 1968 ஜனவரியில் ஒரு படத்துக்கு இசையமைக்கப் பம்பாய்க்கு வந்திருந்தார். அங்கே எச்.எம்.வி. ஸ்டூடியோவில் நம் நாட்டு வித்வான்களை வைத்து இந்த மெட்டையும் பதிவு செய்தார். சரோடு வாசித்தவர் ஆஷிஷ் கான். புல்லாங்குழல் ஹரிபிரஸாத் சௌராஸியா. பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட இதில் வாத்தியத்தைத் தொடவில்லை. அடுத்த மாதம் லண்டனில்தான் ஹாரிஸன் பாடினார். தமக்கு இது பாட வருமோ என்று தயங்கினாராம். கூட இருந்தவர்கள்தாம் தைரியம் சொன்னார்களாம்.

மார்ச்சில் இசைத்தட்டு வந்தது. முன்பக்கம் 'லேடி மடோனா'. பிள்ளைகளோடு மல்லாடும் ஒரு தாயின் பாட்டு. அது நமக்குத் தெரிந்த சங்கதிதான்! மறுபக்கத்தில் இது. மறுபக்கத்தைத் திருப்பிப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? அந்த வருஷக் கடைசியில் அவர்கள் வெளியிட்ட பெரிய ஆல்பத்திலும் இதற்கு இடம் கிடைக்கவில்லை. இந்தத் தொகுப்பிலோ இரண்டு பெரிய பாட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கிறது.

"பாட்டுக்கு அர்த்தம் என்ன?" என்றேன்.

கேம்பிரிட்ஜில் சம்ஸ்கிருதம் கற்பித்த ஹுவான் மஸ்காரோ என்ற பண்டிதர், சீன ஞானி லாவோ த்ஸுவின் ஒரு பாடலை எடுத்துக்காட்டி, 'இதற்கு இசையமைக்கலாமே' என்று ஹாரிஸனுக்கு எழுதினாராம். வீட்டை விட்டுக் கிளம்பாமலே உலகம் முழுவதையும் அறிந்துகொள்ள முடியும் என்பதுதான் கருத்து.

பேரன் கைகொட்டிச் சிரித்தான். "ஆச்சி, இது ஒனக்குன்னே எழுதின பாட்டு! நீதான் பம்புளியை விட்டு எங்கயும் போனதே இல்லையே!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. உள்ளியின்மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

1968-ல் எனக்குப் பதினாறு வயது. பம்பாயில் மாதுங்காவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, "தங்கச்சியை ஒரு மாசம் அனுப்பி வையுங்கள்" என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். "வயசுப் பெண்ணுக்குப் பம்பாய் என்ன கேடு?" என்றார் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் விடவில்லை. மாமியார் போனபின் மாடு விடவில்லை. மாட்டை விற்றபோது அக்கா இல்லை.

சகோதரிகளே, ஒன்று சொல்கிறேன். உலகம் சுற்றிய ஒருவர், 'கிளம்ப வேண்டியதில்லை' என்று பாடினால் அது ஞானம். கிளம்பவே விடாதவளிடம் அதையே சொன்னால் அது பூட்டு. பாட்டின் கருத்தோடு எனக்கு அன்று ரொம்ப நேரம் சண்டை.

ஆனாலும் பாட்டோடு சண்டை போட முடியவில்லை. பேரன் தூங்கிய பிறகு, தட்டுத்தடுமாறி அவன் போனில் நானே போட்டுக் கேட்டேன். ஓட்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா இருந்த பட்டணத்தில், என்னை அனுப்ப மறுத்த அதே வருஷத்தில், யாரோ ஊதிய புல்லாங்குழல் ஐம்பது வருஷத்துக்கு மேலாகி என் பட்டாசாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் போகாத ஊர் என்னைத் தேடி வந்துவிட்டது! லாவோ த்ஸு சொன்னதிலும் பாதி நிஜம் இருக்கத்தான் செய்கிறது.

நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தள்ளிவிடப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காப்பியைக் கொடுத்துக்கொண்டே பேரனிடம் சொன்னேன்: "ஐயா, பம்பாய்க்கு ரெண்டு டிக்கெட் போடு. மாதுங்காவைப் பார்க்கணும்."

"வீட்டை விட்டுக் கிளம்பாமலே எல்லாம் தெரியும்னு பாட்டு சொல்லுதே ஆச்சி?"

"சொல்லட்டும் ஐயா. அது நிஜந்தானான்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."