மானிடவியல் படிச்சி என்ன செய்யிற?



முந்தநாள் மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் என்றால், ஒரே பெட்ஜில் பேராதனைக்குப் போன மூன்று பேர். மூவரும் இன்று ஆசிரியர்கள். தெரிந்த சகோதரர் ஒருவர் வந்தார். மகள் ஆர்ட்ஸுக்குத் தெரிவாகியிருக்கிறாள். சந்தோசம்தான், ஆனால் முகத்தில் ஒரு யோசனை.

"சேர், புள்ள மானிடவியல் எடுக்கப் போறனெண்டு நிக்கிது. அது என்ன படிப்பு? மனிசனப் பத்திப் படிக்கக் கம்பஸுக்குப் போகணுமா? தொழில் கிடைக்கிமா?"

தொழிலைப் பற்றி உள்ளதைச் சொன்னோம். பாடசாலையில் அப்படியொரு பாடமே இல்லை. நாங்கள் படிப்பிப்பது வரலாறும் குடியுரிமைக் கல்வியும். பட்டம் எடுத்து நியமனம் வரும்வரை எங்களில் ஒருவர் கடையில் கணக்குப் பார்த்தார், மற்ற இருவரும் டியூஷன் எடுத்தோம். "அது என்ன படிப்பு" என்ற கேள்விக்குப் பதில் தொடங்குவதற்குள் இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மானிடவியலை நாங்கள் படித்தது சமூகவியல் துறைக்குள். தம்பையா, கணநாத் ஒபேசேகர போன்ற உலகம் அறிந்த மானிடவியலாளர்கள் ஒரு காலத்தில் படிப்பித்த இடம் அது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. மகாபொல காசு எப்போது வரும் என்பதுதான் தெரியும்.

உறவுமுறை என்று ஒரு பகுதி இருந்தது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமன் அடையாளம். அவரவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்து, யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்றும் குறித்துவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளின் படத்தில் பெரும்பாலும் மருமகள் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் மூவரின் படத்திலும் முக்கோணங்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தன, வட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வாப்பா உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். மூத்தப்பா மூத்தம்மாவின் வீட்டுக்கு வந்தவர். இருபது வருடம் அந்த வீடுகளில் வளர்ந்தும் ஒரு கடதாசியில் வரைந்த பிறகுதான் அதைக் கண்டோம்.

பிறகு நூலகத்தில் ஒரு புத்தகம் அகப்பட்டது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் எழுதி 2008இல் வெளியானது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து இருந்து ஆய்வு தொடங்கியவர். தமிழரிடமும் நம்மிடமும் உள்ள தாய்வழிக் குடி, பள்ளிவாசல் மரைக்காயர், மகளுக்குக் கொடுக்கும் சீதன வீடு எல்லாம் அதில் இருந்தன. பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது. எங்களில் ஒருவருக்குக் கோபமே வந்தது, குடி பார்ப்பதெல்லாம் பழைய ஆக்களின் வேலை, அதை எதற்குப் புத்தகத்தில் போட வேண்டும் என்று.

அந்த லீவில் ஊருக்கு வந்து மூத்தம்மாவிடம் கேட்டோம், நம்மட குடி என்ன என்று. குடியைச் சொன்னா. அதோடு நிற்காமல் தன் உம்மா, அவவின் உம்மா, அவவின் உம்மா என்று ஐந்து பொம்புளைகளின் பெயரை மூச்சு விடாமல் சொன்னா. "இத்தன நாளும் நீங்க ஒருத்தரும் கேக்கல்லியே மனே" என்றா. மூத்தம்மா இப்போது இல்லை. அந்த ஐந்து பெயரும் எங்கள் கொப்பியில் இருக்கின்றன.

இறுதி வருட ஆய்வுக்கு சுனாமி வீட்டுத்திட்டத்தை எடுத்தோம். 2004 டிசம்பருக்குப் பிறகு நம் பக்கம் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சொன்னதும், பலருக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். கேள்விக்கொத்து ஒன்றோடு வீடு வீடாகப் போனோம். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு எங்களில் ஒருவரின் ராத்தா கூட வந்தா. "வீடு சொந்தமா? ஆம், இல்லை." எல்லாரும் ஆம் என்றார்கள். ஆம் என்று போட்டுக்கொண்டு வந்தோம்.

மலினோவ்ஸ்கி தீவில் போய் இருந்து ஆய்வு செய்ததைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவர்கள் நாங்கள். இருப்பது என்றால் என்ன என்று விளங்கியது அந்த வீட்டுத்திட்டத்தில்தான். கணவர் மௌத்தான ஒரு பொம்புள, இரண்டு குமர். இரண்டு தரம் போனபோதும் "எல்லாம் நல்லம் தம்பி" என்றுதான் சொன்னா. மூன்றாம் தரம் எதுவும் கேட்கவில்லை. ராத்தா அவவோடு சேர்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா, நாங்கள் வாசலில் இருந்தோம். உள்ளிருந்து மெதுவாகச் சொன்னா: "கடல் கொண்டு போன ஊடு என்ட. தந்த ஊடு அவர்ர."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பழைய வீடு அவவின் சீதனம், அவவின் பெயரில் உறுதி. புதிய வீட்டுக்கான படிவத்தில் குடும்பத் தலைவர் என்று கேட்டிருந்தது. கணவரின் பெயரை எழுதினார்கள். பெண்டாட்டியின் வீட்டைத் தன் பெயரில் ஆக்க அந்த மனிசனும் நினைக்கவில்லை, படிவம் கேட்டதைக் கொடுத்தார். பிறகு அவர் மௌத்து. ஆண் பிள்ளை இல்லை, அவருடைய தாய் தகப்பனும் இல்லை. 24 பங்கில் பெண்டாட்டிக்கு 3, மகள்மாருக்கு 16, மீதி 5 கணவரின் சகோதரர்களுக்கு. இது அல்லாஹ்வின் சட்டம், அதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. பிழை உறுதியில் எழுதிய பெயரில். தன் வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில் அவவுக்கு 24இல் 3. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசினால் வீட்டை எழுதிக்கொடுக்க மச்சான்மாரின் கையொப்பம் வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் உடனே வைத்தார். மற்றவர் கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நாள் பார்த்திருப்பார்கள்?

எங்கள் கொப்பியில் அந்த வீட்டுக்கு எதிரே "ஆம்" என்றுதான் இருந்தது.

சகோதரரே, நீங்கள் கேட்ட படிப்பு அதுதான். எங்களுக்கு மூன்று தரம் போகவேண்டி வந்தது. அதுவும் ராத்தா இல்லாவிட்டால் வாசலோடு திரும்பியிருப்போம். உங்கள் மகள் போயிருந்தால் முதல் நாளே குசினிக்குள் இருந்திருப்பாள்.

இன்னொன்று. மகளுக்கென்று வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறீர்கள், ஊருக்கே தெரியும். நீங்கள் இருக்கும் வீடும் உங்கள் பெண்டாட்டியின் சீதனம். இதையெல்லாம் பற்றி அவளிடம் பேசிப் பாருங்கள், எங்களைவிட அவளுக்குக் கேள்வி கூட இருக்கும்.

பாடம் தெரிவுசெய்ய இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மகளையும் தாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ராத்தாவும் இருப்பா. அந்தக் கொப்பியை எடுத்து வைத்திருக்கிறோம். முதல் பத்துப் பக்கமும் வெறும் ஆம், இல்லைதான். அதற்குப் பிறகுள்ளதை அவள் வாசிக்கட்டும்.