பூட்டு, சாவி, பாய்

எங்க ஊர்ல டாக்டருக்கு அடுத்தபடியா மத்தவங்க வீட்டு ரகசியம் அதிகம் தெரிஞ்சவர் யாருன்னு கேட்டா, நான் பூட்டு ரிப்பேர் பண்ற பாயைத்தான் சொல்வேன். பேரு வேணாம், அவருக்குப் பிடிக்காது. ஊர்ல முக்காவாசிப் பேருக்கு அவர் பேரே தெரியாது. "சாவி பாய்"னாத்தான் தெரியும்.

உளுந்தூர்பேட்டை தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சென்னையிலேர்ந்து திருச்சி போற ரோட்டுல சேலத்துக்குப் பிரியிற ஊர். முன்னே விழுப்புரம் மாவட்டம், 2019-லேர்ந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். நீங்க பஸ்ல தூங்கிட்டே பலதடவை தாண்டிப் போயிருப்பீங்க :-)

கடைன்னு சொன்னா ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். சாவிப் படம் வரைஞ்ச தகரம் ஒண்ணு, ஒரு வைஸ், நாலஞ்சு அரம், ஒரு சின்னச் சுத்தி. பெரிய கம்பி வளையத்துல நூத்துக்கணக்குல பழைய சாவி. எதுக்கும் பூட்டு கிடையாது. "எதுக்கு பாய் இந்தக் குப்பை?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"குப்பையா? பாதி சோறு இதுலதான் தம்பி. கிட்டத்தட்ட ஒத்துப்போற சாவி கிடைச்சா, அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும்."

ஒரு சாவியைப் பார்த்து இன்னொண்ணு போடுறது பெரிய விஷயமே இல்ல, மெஷினே பண்ணிடும். சாவியே இல்லாம சாவி போடுறதுதான் வித்தை. வெட்டே இல்லாத மொட்டைச் சாவியை மெழுகுவத்தியில காட்டிக் கரி ஏத்துவார். பூட்டுக்குள்ள விட்டு லேசா ஒரு திருகு. வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்ப்பார். உள்ள லீவர் இடிச்ச இடத்துல கரி போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால ஒரு தேய். மறுபடி கரி, மறுபடி திருகு. ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கணும். கொஞ்சம் கூடினாலும் திறக்காது, குறைஞ்சாலும் திறக்காது. அரம் அதிகமாத் தின்னுட்டா சாவியைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இதைக் கண்ணால கத்துக்க முடியாது, விரலுக்குத்தான் தெரியணும்னு சொல்வார்.

யாரெல்லாம் வர்றாங்கன்னு பார்த்தா ஊரோட காலண்டரே தெரியும். காலையில ஷட்டர் திறக்காத கடைக்காரங்க. மத்தியானம் பைக் சாவியைத் தொலைச்ச காலேஜ் பசங்க. சித்திரை மாசம் பக்கத்துல கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா வந்தா, எங்கெங்கேர்ந்தோ வர்ற திருநங்கைகள்ல யாராவது ஒருத்தர் பெட்டிச் சாவியைக் கூட்டத்துல விட்டுட்டு வந்து நிப்பாங்க. புடவை, நகை எல்லாம் பெட்டிக்குள்ள, தாலி கட்டுற நேரம் நெருங்கிடும். அந்த மாதிரி அவசரத்துக்கு மட்டும் பாய் காசு பேச மாட்டார், கொடுக்கிறதை வாங்கிப்பார்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா தவறிட்டார். கருமாதி முடிஞ்ச மறுநாள் பீரோ சாவியைத் தேடினா காணோம். பெரிய அண்ணன் சொல்லி நான்தான் பாயைக் கூட்டிட்டுப் போனேன். பீரோவைப் பார்த்துட்டு பாய் கேட்ட முதல் கேள்வி:

"எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பையன், ஒரு பொண்ணு."

"பொண்ணு எங்க?"

அக்காவைக் கட்டிக்கொடுத்தது நெய்வேலியில. முதல் நாள் சாயங்காலமே கிளம்பிட்டாங்க. பாய் பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார். "அவங்க வந்தப்புறம் சொல்லி அனுப்புங்க."

அண்ணனுக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. "பீரோ எங்களுது, கூலி நாங்க தர்றோம், உங்களுக்கென்ன பாய்?" பாய் குரலை உயர்த்தல. "இப்பத் திறந்தா, உள்ள என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும் தம்பி. முதல்ல உங்களைக் கேப்பாங்க. அப்புறம் என்னைக் கேப்பாங்க."

உள்ளேர்ந்து பெரியம்மா குரல் மட்டும் வந்துச்சு. "அவர் சொல்றதுதான் சரி. அவ வரட்டும்."

ஞாயித்துக்கிழமை அக்கா வந்தாங்க. பாய் அரைமணி நேரத்துல சாவி போட்டார். சாவியைத் திருப்பினார், டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஆனா கதவை இழுக்கல. சாவியைப் பெரியம்மா கையில கொடுத்துட்டு, திண்ணைக்குப் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்துட்டார்.

உள்ளே பட்டா, எல்.ஐ.சி. பத்திரம், பழைய போட்டோ. அடித்தட்டுல ஒரு மஞ்சப்பை. அதுல அக்கா பேரு எழுதின காகிதம் சுத்தி ஒரு ஜோடி ஜிமிக்கி. அண்ணன் தனியாத் திறந்திருந்தா எடுத்திருப்பார்னு நான் சொல்ல வரல, சத்தியமா எடுத்திருக்க மாட்டார். ஆனா எடுக்கலைன்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்?

பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005-ல. ஆனா எங்க வீட்டுல பீரோ திறக்கிற நேரத்துல "பொண்ணு எங்க?"ன்னு கேக்க ஒரு பூட்டுக்காரர் வேண்டியிருந்துச்சு.

திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. லண்டன்ல பிராமா கம்பெனி, எங்க பூட்டை ஆயுதம் செஞ்சு திறக்கிறவனுக்கு 200 கினி பரிசுன்னு கடை ஜன்னல்லயே வச்சு பல வருஷம் சவால் விட்டுட்டு இருந்தாங்க. 1851-ல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் வந்தார். 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்துட்டார். அதனால பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவன் எந்தக் காலத்துலயும் இருப்பான். எப்பத் திறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் ஊருக்கு வேணும்.

தொழில் எப்படிப் போகுதுன்னு கேட்டா பாய் சிரிக்கிறார். புது கார் சாவிக்குள்ள சிப் இருக்கு. சாவியை வெட்டிக் கொடுத்தாக் கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதுக்குத் தனி மெஷின் வேணும், அதை வாங்க முதல் வேணும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, சந்தோஷம்தான். ஆனா கையால செய்யிற பூட்டு விலைக்கு, அலிகார்லேர்ந்து மெஷின்ல செஞ்சு வர்ற பூட்டு ரெண்டு மூணு வாங்கலாம். கெட்டுப்போனா ரிப்பேருக்கு யார் வர்றாங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுறாங்க. பையன் சென்னையில வேலைக்குப் போயிட்டான். "அரம் பிடிக்கக் கத்துக்கொடுத்துடலாம் தம்பி, வாயை மூடிட்டு இருக்கிறதை எப்படிக் கத்துக்கொடுக்கிறது?"ன்னார்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியைச் சாத்தி ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு போடுவார். அவரோட அப்பா வாங்கினதாம். அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு அவர் இடுப்புல இருக்கு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டேன்.

பக்கத்து டீக்கடைல கொடுத்து வச்சிருக்காராம்.