ஆயில் சொட்டுவது எங்கிருந்து?



தம்பி வாழைத்தார் ஏற்றும் பழைய டீசல் பிக்கப், நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஒரே ஈரம். கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்றார்கள் பட்டறையில். சீல் விலை சொற்பம். கூலியும், மூன்று நாள் வண்டி நிற்பதும்தான் அடி. வைகாசி முகூர்த்தம் வேறு, தாருக்குக் கிராக்கியான நேரம்.

"கழுவிப் பார்த்தாயா?" என்றேன். இல்லை என்றான்.

ஆறிய எஞ்சினை டீசல் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் பெல்ட்டில் படாமல் முகப்பவுடர் தூவினோம். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்தால், மேலே டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து பவுடரில் ஒரு கறுப்புக் கோடு! அது வழிந்து இறங்கித்தான் கீழே ஈரம். பேக்கிங் கல்லாய் இறுகிப்போயிருந்தது.

அதை மாற்றியதோடு விடவில்லை. பிரீதர் குழாயில் கசடு அடைத்திருந்தது. பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லையென்றால், உள்ளே அழுத்தம் ஏறிப் புதுப் பேக்கிங்கிலும் ஆயிலைப் பிதுக்கும் (வகுப்பில் அழுத்தம் நடத்தியது நினைவிருக்கிறதா?). குழாயையும் சுத்தம் செய்தோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, அளவாகத்தான் முறுக்கணும்; வெறியோடு முறுக்கினால் பேக்கிங் நசுங்கிவிடும்.

இரவு அடியில் விரித்த அட்டை காலையில் அப்படியே காய்ந்து கிடந்தது. டிப் ஸ்டிக் பார்த்து, குறைந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு தம்பி லோடுக்குக் கிளம்பிவிட்டான்.